பயிற்சி முடித்தவர்கள் எங்கே போனார்கள்?

நீண்ட பதிவு. பொறுமையா படிங்க.

ஒரு சின்னக் கேள்வியில தொடங்குறேன். உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல காசநோய்க்கு மாத்திரை சாப்பிட ஆரம்பிச்ச ஒருத்தர், சிகிச்சைக் காலம் முடியும்போது என்ன ஆனார்?

இதுக்குப் பதில் உண்டு. குணமானாரா, மருந்தை முழுசா முடித்தாரா, நடுவில் நிறுத்தினாரா, வேறு ஊருக்கு மாற்றப்பட்டாரா, இறந்துவிட்டாரா. பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஒரு முடிவு எழுதியாக வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மாதக் கூட்டத்தில் நம்மை எழுப்பி நிற்க வைத்துக் கேட்பார்கள்.

இப்ப ரெண்டாவது கேள்வி. அந்தக் காசநோய்த் திட்டத்தை நடத்தவும், டெங்கு வந்தா எந்தத் தெருவுல ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிக்கவும், அரசு செலவில் ரெண்டு வருஷம் பயிற்சி எடுத்த டாக்டர், பத்து வருஷம் கழிச்சு எங்கே இருக்கார்? என்ன வேலை பார்க்கிறார்?

இதுக்குப் பெரும்பாலும் பதில் கிடையாது. "இத்தனை பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது" என்ற வரியோடு அறிக்கை முடிஞ்சிடும். நோயாளிக்கு முடிவு எழுதுறோம், அவருக்கு வைத்தியம் பார்க்கப் பயிற்சி எடுத்தவருக்கு எழுதுறதில்லை.

எழுதின ஆட்கள் வரலாற்றுல உண்டா? உண்டு. அந்தக் கதைதான் இது.

அதுக்கு முன்னாடி சென்னையைப் பத்தி ஒரு வார்த்தை. ஆட்களைத் தொலைக்காமல் பின்தொடர்வது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்னைக்கு சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி அது. அங்கே 193 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் சொந்த வீட்டில். வீட்டில் என்றால், நகரத்து ஏழைக் குடும்பங்களின் நெருக்கடியான ஒண்டுக் குடித்தனங்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சளைக்காமல் தேறினார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த முடிவை உலகம் நம்பியதற்கு ஒரு காரணம், நோயாளிகளைத் தேடிப் பிடித்துத் தொடர்ந்த விதம். மருந்து வாங்க வராதவர் வீட்டுக்கு ஆள் போனது. கூட வசித்த குடும்பத்தாரையும் 5 வருஷம் கவனித்தார்கள். பாதிப் பேரைத் தொலைத்துவிட்டு, மிச்சம் இருந்தவர்களை மட்டும் எண்ணி "எல்லாரும் நல்லாயிருக்காங்க" என்று எழுதியிருந்தால் யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள்.

இந்த விதியை மனசுல வச்சுக்கங்க. பின்னால தேவைப்படும்.

சரி, கதைக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். அமெரிக்காவின் எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லரின் பணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்குகிறது. அதை நடத்தியவர் விக்லிஃப் ரோஸ். டாக்டர் இல்லை, தத்துவப் பேராசிரியர்! 1913-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இந்த வேலையை உலகம் முழுக்கக் கொண்டு போனது. நம்ம சென்னை மாகாணத்திலும் 1920-களில் கொக்கிப்புழு வேலை நடந்தது. இலங்கையில் களுத்துறையில் 1926-ல் அவர்கள் உதவியோடு ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது.

ஊர் ஊராகப் போனவர்களுக்கு சீக்கிரமே ஒன்று புரிந்தது. மருந்து இருக்கு, பணம் இருக்கு, இதையே முழுநேர வேலையாகச் செய்யும் ஆட்கள் இல்லை. அந்தக் காலத்தில் பல இடங்களில் சுகாதார அதிகாரி என்பது தனி கிளினிக் நடத்தும் டாக்டருக்குக் கூடுதல் பொறுப்பு. காலையில் நோயாளி, சாயங்காலம் சாக்கடை.

அதனால் 1916-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரத்துக்கென்றே ஒரு பள்ளிக்கு நிதி கொடுத்தார்கள். பிறகு ஹார்வர்டு, லண்டன், டொராண்டோ என்று வரிசையாக. 1932-ல் கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார, பொதுச் சுகாதார நிறுவனம் திறந்ததும் அவர்கள் பணத்தில்தான்.

கூடவே 1917-லிருந்து உதவித்தொகை. பல நாடுகளிலிருந்து டாக்டர்களையும் நர்சுகளையும் பொறியாளர்களையும் தேர்ந்தெடுத்து, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பிப் படிக்க வைத்தார்கள்.

எனக்குப் பிடிச்ச பகுதி இங்கதான் வருது.

உதவித்தொகை பெற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போட்டார்கள். பெயர், பிறந்த வருஷம், படிப்பு, என்ன படிக்கப் போனார், எந்தெந்த ஊரைப் பார்த்தார், யாரைச் சந்தித்தார். இதோடு நிற்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு என்ன பதவியில் சேர்ந்தார், பிறகு எங்கே மாறினார் என்பதும் அதே அட்டையில் ஏறிக்கொண்டே இருக்கும். நியூயார்க் அருகே அவர்களுடைய ஆவணக் காப்பகத்தில் அந்த அட்டைகள் இன்னமும் இருக்கின்றன. 1917 முதல் 1970 வரை உதவித்தொகை பெற்றவர்களின் விவரத்தை ஒரு தடித்த புத்தகமாகவே அச்சிட்டார்கள்.

கணினி இல்லாத காலம். தட்டச்சு, தபால், கப்பல். அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் அட்டையைவிட முக்கியமானது. ஒருவரை அனுப்புவதற்கு முன்பே, "திரும்பி வந்தால் இவருக்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்?" என்று அந்தந்த நாட்டு அரசிடம் கேட்டார்கள். திரும்பி உட்கார ஒரு நாற்காலி உறுதியாக இருந்தால்தான் உதவித்தொகை. படிக்க வைத்த பிறகு வேலை தேடுவதில்லை, வேலையைக் காட்டிய பிறகே படிப்பு.

இதில் வள்ளல் தன்மை மட்டும் இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. தங்கள் பாணியில் யோசிக்கும் அதிகாரிகள் உலகம் முழுக்க இருக்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. போட்ட பணம் என்ன ஆச்சுன்னு கணக்குப் பார்க்கும் வியாபாரி புத்தியும்தான். ஆனா, அந்த வியாபாரி புத்தியாலதான் நமக்கு ஓர் ஆவணம் கிடைச்சிருக்கு.

அட்டை எதைச் சொல்லும், எதைச் சொல்லாதுன்னு பார்க்க ஒரு ஆள். சீனத்து டாக்டர் சென் ஷிச்சியன். பீகிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரியும் ராக்ஃபெல்லர் பணம்தான். 1930-களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் பொது சுகாதாரம் படித்துவிட்டு, டிங்ஷியன் என்ற கிராமப்புற மாவட்டத்துக்குப் போனார். டாக்டரே இல்லாத ஊர்கள். விவசாயிகளிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, அம்மை குத்தவும், பிறப்பு இறப்பு பதியவும், முதலுதவி செய்யவும் சொல்லிக் கொடுத்தார். செலவு மிகக் குறைவு.

1937-ல் ஜப்பானியப் படையெடுப்பு. டிங்ஷியன் வேலை முடிந்தது. 1949-க்குப் பிறகு வந்த ஆட்சியில், அமெரிக்கத் தொடர்பு உள்ளவர் என்று ஓரங்கட்டப்பட்டார். அட்டையை மட்டும் பார்த்தால் இவர் ஒரு தோல்வி. பயிற்சி வீண், ஆள் போயாச்சு.

ஆனால் 1960-களின் கடைசியில் சீனா முழுக்க "வெறுங்கால் மருத்துவர்கள்" வந்தார்கள். கிராமத்து ஆளுக்குச் சில மாதம் பயிற்சி, அவரே அந்த ஊருக்கு முதல் வைத்தியர். முப்பது வருஷத்துக்கு முன்னால் டிங்ஷியனில் செய்து பார்த்த அதே யோசனை. இதை அட்டையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நம்ம பக்கத்துலயும் இப்படி ஒரு தடம் இருக்கு. மேட்டூர் அணைத் தண்ணீர் பட்டுக்கோட்டைப் பக்கம் கால்வாயில் வந்தபோது மலேரியாவும் சேர்ந்து வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் 1930-களில் அங்கே ஆய்வு செய்தார். ஒழுங்காகப் பராமரிக்காத பாசனம்தான் கொசுவை வளர்க்கிறது என்று எழுதினார். அவரோடு தென்னிந்திய நெல் வயல்களில் கொசு ஆராய்ச்சி செய்த பூச்சியியலாளர் டி. ராமச்சந்திர ராவ், பின்னாளில் புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் ஆனார். வயல் வரப்பில் கொசு முட்டை எண்ணிய வேலை வைரஸ் ஆய்வகத்தின் தலைமை நாற்காலி வரை போயிருக்கு.

அடுத்த கதை அமெரிக்காவின் சி.டி.சி. இது கொஞ்சம் விரிவா சொல்லணும். ஏன்னா உலகத்துல இன்னைக்கு நடக்குற களத் தொற்றுநோயியல் பயிற்சி பலதுக்கும் தாய் இதுதான்.

1949-ல் அலெக்ஸாண்டர் லாங்முயர் என்பவர் தலைமைத் தொற்றுநோயியலாளராக அங்கே சேர்கிறார். பெரிய பதவி, ஆனால் கீழே வேலை செய்யப் பயிற்சி பெற்ற ஆள் இல்லை. அப்போது கொரியப் போர் வருகிறது. எதிரி கிருமி ஆயுதம் வீசினால் என்ன செய்வது என்று வாஷிங்டனில் பயம். லாங்முயர் அந்தப் பயத்தை அழகாகப் பிடித்துக்கொண்டார். "கிருமியைப் போட்டது எதிரியோ இயற்கையோ, முதல்ல கண்டுபிடிக்க ஆள் வேணும் இல்லையா?" என்கிற வாதம். பணம் வந்தது.

1951-ல் முதல் அணி. 22 டாக்டர்கள், ஒரு பொறியாளர். பெயர் எபிடெமிக் இன்டெலிஜென்ஸ் சர்வீஸ், சுருக்கமா இ.ஐ.எஸ். வகுப்பறைப் பாடம் சில வாரம்தான், மீதி ரெண்டு வருஷமும் களம். எங்கே நோய் பரவினாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவர்களுடைய சின்னமே அடியில் ஓட்டை விழுந்த ஷூ. நடந்து நடந்து தேய்ந்த ஷூ!

இவர்கள் எதுக்கு லாயக்கு என்று நாட்டுக்குத் தெரிந்தது 1955-ல். சால்க் கண்டுபிடித்த போலியோ தடுப்பூசிக்கு அந்த ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. சில நாட்களில், ஊசி போட்ட சில குழந்தைகளுக்கே கை கால் விழுந்தது. இ.ஐ.எஸ் டாக்டர்கள் ஒவ்வொரு கேஸாகப் பட்டியல் போட்டார்கள். எந்தக் கம்பெனி ஊசி, எந்தக் கையில் போட்டது, எந்தக் கால் முதலில் பாதித்தது. கட்டர் என்ற நிறுவனத்தின் ஊசியில் உயிருள்ள வைரஸ் இருந்தது தெரிய வந்தது. சுமார் 200 பேருக்கு முடக்கம், 10 பேர் மரணம். கோளாறு எங்கே என்று இவ்வளவு வேகமாகக் காட்டியதால்தான், தடுப்பூசித் திட்டம் மொத்தமும் குப்பைக்குப் போகாமல் தப்பியது.

சரி, ரெண்டு வருஷம் முடிச்சவங்க எங்க போனாங்க?

லாங்முயர் இதில் கெட்டிக்காரர். எல்லாரும் தன்கிட்டயே இருப்பாங்கன்னு அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. வருஷா வருஷம் வசந்த காலத்தில் அட்லாண்டாவில் மாநாடு. புது ஆட்கள் தங்கள் ஆய்வைச் சொல்ல, பழைய ஆட்கள் வந்து உட்கார்ந்து குடைந்து குடைந்து கேள்வி கேட்பார்கள். பயிற்சி முடித்தவர்களின் பட்டியல் தொடர்ந்து பராமரிக்கப்பட்டது. படிச்சவனைத் தேடிப் போக வேண்டிய அவசியமே வராமல், அவனே வருஷம் ஒருமுறை வந்து நிற்கும்படி வைத்துவிட்டார்.

அந்தப் பட்டியலில் இருந்து சிலரைப் பாருங்க.

டி.ஏ. ஹெண்டர்சன். 1955-ல் சேர்ந்தவர். கட்டாய ராணுவ சேவைக்கு மாற்றாகத்தான் இங்கே வந்தார், பொது சுகாதாரத்தில் பெரிய காதல் எல்லாம் இல்லை. 1966-லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தை நடத்தினார். 1977-ல் சோமாலியாவில் இயற்கையாக வந்த கடைசி நோயாளி.

வில்லியம் ஃபீகி. 1962-ல் சேர்ந்தவர். ஊருக்கே ஊசி போடத் தடுப்பூசி போதாதபோது, நோயாளியைத் தேடிப் பிடித்து அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும் போடும் முறையை நைஜீரியாவில் காட்டினார். 1974-ல் பீகாரில் அதே முறை. பிறகு சி.டி.சி இயக்குநர்.

இதெல்லாம் எல்லாரும் சொல்ற பெயர்கள். எனக்கு சுவாரசியமான பெயர் இன்னொண்ணு. லாரன்ஸ் ஆல்ட்மன். 1960-களில் இ.ஐ.எஸ்-ல் இருந்தார். பிறகு நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு நிருபராகப் போனார். டாக்டர் வேலையை விட்டுப் பத்திரிகைக்காரர்!

நம்ம ஊர் எக்செல் தாளில் இவர் பெயருக்கு நேரே என்ன போடுவாங்க? "துறையை விட்டு விலகினார்." சிவப்பு நிறம்.

1981 ஜூலையில், ஓரினச் சேர்க்கையாளர்கள் 41 பேருக்கு அரிதான ஒரு புற்றுநோய் வந்திருப்பதாக அந்தப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. பின்னாளில் எய்ட்ஸ் என்று பெயர் வைக்கப்பட்ட நோயைப் பற்றிய ஆரம்பகாலச் செய்திகளில் ஒன்று. எழுதியவர் ஆல்ட்மன். 41 என்ற எண்ணைப் பார்த்து இது சாதாரணம் இல்லை என்று ஒரு நிருபருக்குத் தோன்ற வேண்டும் என்றால், அந்த நிருபர் ஒருகாலத்தில் ஷூ தேய நடந்திருக்க வேண்டும். இவர் விலகினாரா, இருந்தாரா?

பயிற்சி பெற்றவர்களைப் பின்தொடரும் எந்தத் திட்டத்துக்கும் முதல் தலைவலி இந்த வகைப்பாடுதான். இன்றைய கணக்குகளில் "அரசுத் துறையில் இருக்கிறாரா" என்று கேட்டால் ஒரு பதில் வரும், "பொது சுகாதாரத்துக்குப் பயன்படும் வேலையா" என்று கேட்டால் வேறு பதில் வரும். ரெண்டையும் தனித்தனியா கேட்கணும்.

இரண்டாவது தலைவலி இன்னும் பெருசு.

இ.ஐ.எஸ் ஆட்கள் பெரிய பெரிய பதவிக்குப் போனார்கள், அதனால் பயிற்சி அபாரம். இப்படித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. 1950-லிருந்து அமெரிக்காவில் டாக்டர்களுக்கென்றே தனிக் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் இருந்தது. பொது சுகாதாரப் பணியில் ரெண்டு வருஷம் இருந்தால் அது ராணுவ சேவையாகக் கணக்கு. கொரியாவுக்கோ பிறகு வியட்நாமுக்கோ போவதா, அட்லாண்டாவுக்குப் போவதா? நல்ல கல்லூரிகளில் படித்த இளம் டாக்டர்கள் போட்டி போட்டு வந்தார்கள். லாங்முயர் பொறுக்கி எடுத்தார். அவர்களில் பலர் எங்கே போயிருந்தாலும் மேலே வந்திருப்பார்கள்.

அப்போ பலன் பயிற்சியாலா, தேர்வாலா? நாங்க மருந்து ஆய்வுல கேட்கும் கேள்விதான் இது. ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல், குணமானவர்களை மட்டும் காட்டி மருந்துக்குப் பெயர் வாங்க முடியாது. என் தனிப்பட்ட கணிப்பு, ரெண்டும் கலந்துதான். கட்டாய சேவை 1973-ல் முடிந்த பிறகும் திட்டம் படுத்துவிடவில்லை. நர்சுகள், கால்நடை மருத்துவர்கள், முனைவர் பட்டம் பெற்றவர்கள் என்று வருகிறவர்கள் மாறினார்கள், ஷூ மட்டும் தேய்ந்துகொண்டே இருந்தது. எய்ட்ஸ் வந்த 1980-களிலும் களத்தில் நின்றது இவர்கள்தான்.

மூணாவதா ஒரு காரணமும் இருக்கு. பயிற்சி முடிந்தவர்களை வேலைக்கு எடுக்க சி.டி.சி-யே இருந்தது. மாநில சுகாதாரத் துறைகளும் இருந்தன. மறுபடியும் அதே நாற்காலி விஷயம்!

இந்த மாதிரியை வைத்து 1980-ல் தாய்லாந்து தன் சொந்தக் களத் தொற்றுநோயியல் பயிற்சியைத் தொடங்கியது. வட அமெரிக்காவுக்கு வெளியே முதல். பிறகு பிலிப்பைன்ஸ் உட்படப் பல நாடுகள். 1997-ல் இந்தப் பயிற்சிகளுக்கெல்லாம் ஓர் உலக வலையமைப்பு.

இந்தியாவில் எங்கே வந்தது தெரியுமா? சென்னையில். 2001-ல், தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தில். அந்த நிறுவனமே 1999-ல், ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து உருவானது. பல மாநிலங்களின் அரசு டாக்டர்கள் இங்கே ரெண்டு வருஷப் படிப்பு படித்தார்கள். நல்ல அமைப்பு. வகுப்புக்குச் சில வாரம் சென்னை வருவார்கள், மீதி நேரம் தங்கள் மாநிலத்திலேயே களவேலை. வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. 2012-ல் டெல்லியில் இந்திய இ.ஐ.எஸ் பயிற்சியும் தொடங்கியது.

ஆனால் படித்து முடித்தவர் ஊர் திரும்பினால்? இங்கதான் நம்ம நாட்டுப் பிரச்சினை. எனக்குத் தெரிந்த ஒருவர், வேறு மாநிலம், தொற்றுநோயியலில் முதுநிலை முடித்துத் திரும்பினார். ரெண்டே மாசத்தில் ஒரு தாலுகா மருத்துவமனைக்குப் பொது மருத்துவராக மாற்றல். ஓ.பி, பிரேதப் பரிசோதனை, இரவுப் பணி. அந்த வேலை கேவலமில்லை, நானும் அதைத்தான் செய்யறேன். ஆனா அதுக்கு ரெண்டு வருஷத் தொற்றுநோயியல் படிப்பு எதுக்கு? அரசுப் பதிவேட்டில் அவர் "பணியில் தொடர்கிறார்". பச்சை நிறம்.

ஆல்ட்மனுக்கு சிவப்பு, இவருக்குப் பச்சை. பாருங்க வேடிக்கையை.

2004-ல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தபோது மாவட்டத்துக்கு ஒரு தொற்றுநோயியலாளர் என்று பதவி உருவானது. பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படை. ஒப்பந்தத்தில் இருப்பவர் நல்ல வாய்ப்பு வந்தால் போகத்தான் செய்வார், குடும்பம் இருக்கு. அவரை "தக்கவைக்க முடியவில்லை" என்று ஆள் மேல் எழுதுவதா, பதவி மேல் எழுதுவதா?

இங்கே தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லியே ஆகணும். சொந்த மாநிலம்னு பெருமைக்காகச் சொல்லலை, வெளி ஆய்வாளர்களும் எழுதியதுதான். சென்னை மாகாணத்தில் 1920-களிலேயே பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்ககம் வந்துவிட்டது. 1939-ல் பொது சுகாதாரச் சட்டம், நாட்டிலேயே முதல். சுதந்திரத்துக்குப் பிறகு பல மாநிலங்கள் சிகிச்சைப் பிரிவையும் பொது சுகாதாரப் பிரிவையும் ஒன்றாக இணைத்தபோது, இங்கே தனியாகவே வைத்துக்கொண்டார்கள்.

அதனால் என்ன? ஓர் அரசு டாக்டர் டி.பி.எச் என்கிற பொது சுகாதாரப் பட்டயம் படித்தால், அவருக்கு முன்னால் ஒரு ஏணி இருக்கு. நகர்நல அலுவலர், மாவட்ட அளவில் சுகாதாரப் பணிகளின் தலைமைப் பதவி, அதற்கும் மேலே இயக்குநர் வரை. அந்த இடங்களுக்கு வர அந்தப் படிப்பு தேவை. அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் வயது மூப்பில் வந்து உட்கார்ந்துவிட முடியாது.

2004 டிசம்பர் சுனாமி ஞாபகம் இருக்கா? நாகப்பட்டினத்தில் அவ்வளவு உடல்கள், அவ்வளவு முகாம்கள். காலரா வரும், தட்டம்மை வரும் என்று உலகமே பயந்தது. பெரிய தொற்றுப் பரவல் எதுவும் வரவில்லை. முகாமுக்கு முகாம் குளோரின் பார்த்தது, கழிப்பறை போட்டது, தட்டம்மை ஊசி போட்டது யார் என்று கேட்டால், இந்த ஏணியில் நின்றவர்களும் அவர்களுக்குக் கீழே இருந்த சுகாதார ஆய்வாளர்களும் கிராம சுகாதார செவிலியர்களும்தான். வராத நோய்க்குச் செய்தித்தாளில் தலைப்பு கிடைக்காது.

இது எல்லாமே சரியா இருக்குன்னு அர்த்தமில்லை. காலியிடங்கள் உண்டு, பதவி உயர்வுத் தாமதம் உண்டு, கிளினிக்கல் படிப்புக்கு இருக்கும் மவுசு இதுக்குக் கிடையாது. ஆனால் ஏணி இருந்தால் ஆளை எங்கே தேடுவது என்றாவது தெரியும்.

பட்டம் பெற்றவர்களைத் தேடிப் பிடித்து எண்ணிய ஒரு இந்திய ஆய்வையும் சொல்லிடறேன். பொது சுகாதாரப் படிப்பு இல்லை, எம்.பி.பி.எஸ். டெல்லி எய்ம்ஸில் 1989 முதல் 2000 வரை பட்டம் பெற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினார்கள். 2008-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. ஏறக்குறைய 54 சதவீதம் பேர் வெளிநாட்டில்.

அந்த எண்ணைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அதே கட்டுரையில் இன்னொரு கண்டுபிடிப்பு இருந்தது. பொதுப் பிரிவில் சேர்ந்தவர்கள், இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களைவிட இரண்டு மடங்கு அதிகமாக அமெரிக்காவில் குடியேறியிருந்தார்கள். நாட்டில் தங்கி நோயாளியைப் பார்த்தது யார் என்று பெயர் பெயராக எண்ணிப் பார்த்ததால்தான் தெரிந்தது. எண்ணாமல் விட்டிருந்தால், "தகுதி" பற்றிய டீக்கடை விவாதம் பழையபடி போயிருக்கும்.

பழைய கதை ஒண்ணு, இதோட சேர்ந்தது. 1946-ல் போர் கமிட்டி அறிக்கை வந்தது. இந்தியாவில் பதிவு செய்த டாக்டர்கள் 47,524 என்று அதில் கணக்கு. அதில் 17,654 பேர் பட்டதாரிகள், 29,870 பேர் எல்.எம்.பி போன்ற உரிமம் பெற்றவர்கள். அதாவது மூணுல ரெண்டு பங்கு எல்.எம்.பி. இனி ஒரே வகை டாக்டர் போதும், குறுகிய படிப்பு வேண்டாம் என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் சொன்னார்கள். சிறுபான்மை உறுப்பினர்கள் எதிர்த்தார்கள், ஆள் பற்றாக்குறை வரும் என்றார்கள். ராயபுரம் மருத்துவப் பள்ளி அதற்கு முன்பே, 1938-ல், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. மற்ற பள்ளிகளும் கல்லூரி ஆயின, அல்லது மூடப்பட்டன.

மொத்தம் எத்தனை பேர் என்ற எண் கையில் இருந்தது. இந்த இரண்டு வகையினரும் படித்து முடித்த 5 வருஷம், 10 வருஷம் கழித்து எந்த ஊரில் உட்கார்ந்தார்கள் என்று ஒரு தொடர் பதிவு இருந்திருந்தால், அந்த விவாதம் வேறு மாதிரி போயிருக்கும்னு நினைக்கிறேன். இன்னைக்கும் குறுகிய காலப் படிப்பு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ரெண்டு பக்கமும் கத்துறோம், யார் கையிலயும் பதிவேடு இல்லை.

அப்போ நமக்கு என்ன மாதிரி பதிவேடு வேணும்? ராக்ஃபெல்லர் அட்டை அளவுக்கு ஒண்ணு போதும். படிப்பு முடிந்து ஒரு வருஷம், 5 வருஷம், 10 வருஷம். எங்கே இருக்கிறார், படித்த வேலையைச் செய்கிறாரா, இல்லையென்றால் ஏன். இந்த "ஏன்" ரொம்ப முக்கியம். சம்பளமா, மாற்றலா, பதவியே இல்லையா, குழந்தைப் பேறுக்குப் பிறகு திரும்ப வர வழி இல்லாமல் போனதா.

இங்கதான் சென்னை ஆய்வின் விதி. பதில் அனுப்பாதவர்களை விட்டுவிட்டு சதவீதம் போடக் கூடாது. கூகுள் படிவம் அனுப்பினால் நல்ல பதவியில் இருப்பவர் உடனே நிரப்புவார். வெறுத்துப் போய் விலகியவர் திறந்தே பார்க்க மாட்டார். நமக்குத் தெரிய வேண்டியது அவர் கதைதான். நூறு பேரில் நாற்பது பேர் பதில் அனுப்பி, அதில் முப்பத்தாறு பேர் துறையில் இருந்தால், "90 சதவீதம் தக்கவைப்பு" என்று சுவரொட்டி அடிப்பார்கள். மீதி அறுபது பேர் வீட்டுக் கதவைத் தட்ட யாரும் போக மாட்டார்கள். காசநோய் நோயாளி வீட்டுக்கு மட்டும் போவோம்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. பின்தொடர்வது என்று சொன்னதும் நம்ம நிர்வாகத்துக்கு முதல்ல தோணுவது பத்திரம், அபராதம், சான்றிதழைப் பிடித்து வைத்தல். அப்படி ஆச்சுன்னா யாரும் உண்மையை எழுத மாட்டாங்க. அட்லாண்டா மாநாட்டுக்குப் பழைய ஆட்கள் வந்தது அபராதத்துக்குப் பயந்து இல்லை, பழைய கூட்டாளிகளைப் பார்க்க.

இந்த இழையைப் படிக்கிறவங்கள்ல டி.பி.எச் முடிச்சவங்க, சென்னையில தொற்றுநோயியல் படிச்சவங்க, பொது சுகாதாரத்துல முதுநிலை முடிச்சவங்க இருப்பீங்க. பெயர், ஊர் எல்லாம் வேண்டாம். எந்த வருஷம் முடிச்சீங்க, இப்ப என்ன வேலை பார்க்கறீங்க, படிச்சது அதுல பயன்படுதா. மூணே மூணு விஷயம் கீழே எழுதுங்க. துறையை விட்டுப் போனவங்க கண்டிப்பா எழுதுங்க, என்ன காரணம்னு சேர்த்து.